சத்தம் போடாத கோபம்: ஒரு பிரெஞ்சு ராக் ஆல்பத்தைக் கேட்கும் விதம்

நண்பர் ஒருவருக்கு நுவார் தெசீர் என்ற குழுவின் ஆல்பம் ஒன்றிலிருந்து மூன்றாவது பாட்டைப் போட்டுக் காட்டினேன். பிரான்ஸின் பெரிய கோபக்கார ராக் குழு என்று முன்னாலேயே சொல்லி வைத்திருந்தேன். கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். முடிந்ததும், "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல கோபம் எங்க இருக்கு? தாலாட்டு மாதிரில்ல இருக்கு?" என்றார்.

நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. அதை ஒழுங்காகச் சொல்லிப் பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

அரசியல் ராக் என்றால் கொடி, கோஷம், தொண்டை கிழியக் கத்தல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். சோகப் பாட்டு என்றால் காதல் தோல்வி, மழை, ஜன்னலோரம். முதலாவது ஊருக்காக, இரண்டாவது நமக்காக என்று பிரித்து வைத்துவிடுகிறோம். இந்த இரண்டு பெட்டியிலும் அடங்காத ஆல்பம் ஒன்று 2001இல் வந்தது. நண்பருக்குப் போட்டுக் காட்டிய அதே ஆல்பம், நுவார் தெசீரின் 'தே விஸாஜ் தே ஃபிகியூர்'. சோகமும் அரசியல் கோபமும் அதில் அடுத்தடுத்து வருவதில்லை, ஒரே மூச்சில் வருகின்றன. அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். இசை தெரிந்திருக்க வேண்டியதில்லை, பிரெஞ்சும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## குழுவைப் பற்றிக் கொஞ்சம்

நுவார் தெசீர் என்றால் கருப்பு ஆசை. பிரான்ஸின் தென்மேற்கே உள்ள போர்தோ நகரத்துப் பையன்கள் 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்த குழு. இந்த ஆல்பத்தின்போது நான்கு பேர்: பாடகர் பெர்த்ரான் காந்தா, கிதாரில் செர்ஜ் தெய்ஸோ-கே, டிரம்ஸில் தெனி பார்த், பேஸ் கிதாரில் ழான்-போல் ருவா. இதுவே அவர்களுடைய கடைசி ஸ்டுடியோ ஆல்பம். 2010இல் குழு கலைந்துவிட்டது.

காந்தாவின் பெயரைச் சொல்லும்போது சொல்லியே ஆக வேண்டிய இன்னொன்று இருக்கிறது. ஓரமாக ஒரு வரியில் தள்ளிவிடக் கூடிய விஷயம் இல்லை. கீழே அதற்கென்று ஒரு பகுதி வைத்திருக்கிறேன்.

## வீட்டில் தெரியும் கோபம்

அம்மா சத்தம் போட்டுத் திட்டினால் பிள்ளைகளுக்குப் பெரிய பயம் இருக்காது. திட்டி முடித்ததும் கோபமும் முடிந்துவிடும் என்று தெரியும். அதே அம்மா ஒன்றும் பேசாமல், பாத்திரங்களை வழக்கத்தைவிட மெதுவாக, சத்தமே வராமல் அடுக்க ஆரம்பித்தால் வீடே அடங்கிப்போகும். குரல் தாழத் தாழக் கோபம் கனத்துக்கொண்டே போகிறது. அந்த மௌனத்தில் கோபம் மட்டுமா இருக்கிறது? பாதி வருத்தம். இத்தனை சொல்லியும் கேட்கவில்லையே என்ற வருத்தம்.

இன்னொன்றையும் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஒப்பாரி. இறந்தவரை நினைத்து அழும் பெண் பாதிப் பாட்டில் அண்ணன் தம்பிகளைக் கேள்வி கேட்பாள், நகை போடாத மாமனாரை இழுப்பாள், வராத சொந்தத்தை வைவாள். யாரும் அதை ஒழுங்கீனம் என்று நினைப்பதில்லை. இழப்பைச் சொல்ல வந்தவள் இழப்புக்குக் காரணமானவர்களையும் சொல்கிறாள், அவ்வளவுதான். 'அய்யோ போயிற்றே' என்பதும் 'யாரால் போயிற்று' என்பதும் ஒரே ராகத்தில் வந்துவிடுகின்றன.

இந்த ஆல்பத்தின் மனநிலையைச் சொல்ல எனக்கு இவற்றைவிடப் பொருத்தமான ஒப்பு கிடைக்கவில்லை. கேட்பவருக்கு இது புதிய உணர்ச்சி இல்லை. அந்த உணர்ச்சியை ராக் இசையின் கருவிகளை வைத்து எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## சோகம் எங்கிருந்து வருகிறது

'மைனர் ஸ்கேல் என்றால் சோகம்' என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை.

ஸ்கேல் என்பது ஒரு பாட்டு எந்தெந்த ஸ்வரங்களில் நடமாடலாம் என்கிற படிக்கட்டு. மேற்கத்திய இசையில் அதிகம் புழங்கும் படிக்கட்டுகள் இரண்டு, மேஜரும் மைனரும். நம் ராகக் கணக்கில் மேஜர் சங்கராபரணம், இயல்பான மைனர் நடபைரவி. இரண்டுக்கும் இடையில் காதுக்கு முதலில் தெரியும் வித்தியாசம் காந்தாரத்தில், அதாவது ஸரிக-வின் 'க'-வில் இருக்கிறது. ஹார்மோனியத்தில் ஸ-வை அழுத்திவிட்டு, அதற்கு அடுத்த கட்டையை ஒன்று என்று வைத்து, கறுப்பு வெள்ளை எல்லாக் கட்டைகளையும் சேர்த்து மேலே எண்ணுங்கள். நான்காவது கட்டை மேஜரின் காந்தாரம், மூன்றாவது மைனரின் காந்தாரம். ஒரே ஒரு கட்டை கீழே இறங்கியதும் வெளிச்சம் குறைந்த மாதிரி இருக்கும். ஹார்மோனியம் கிடைத்தால் செய்து பாருங்கள், படித்துப் புரிந்துகொள்வதைவிட அது சுலபம்.

சரி, அப்படியானால் மைனர் பாட்டெல்லாம் சோகமா? கல்யாண வீட்டில் ஆட்டம்போட வைக்கும் எத்தனையோ பாட்டு மைனரில் இருக்கிறது. மைனர் நிழலைத் தரும், அவ்வளவே. அந்த நிழலில் ஆடுவதா, உட்கார்ந்து அழுவதா என்பதை வேகமும் குரலும் முடிவு செய்கின்றன. நண்பருக்குப் போட்டுக் காட்டிய பாட்டு 'லு வான் நூ போர்த்தரா', 'காற்று நம்மைக் கொண்டுபோகும்'. அதில் வேகம் நிதானமானது. குரல் எங்கேயும் உயரே ஏறி நின்று காட்டுவதில்லை, பேச்சுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கிதார் வாசித்தவர் விருந்தாளியாக வந்த பாடகர் மனு சாவோ. அதிர்வை ஏற்றும் மின்சாரக் கிதார் அல்ல, மரப்பெட்டிக் கிதார்.

இதுவரை சொன்னது: நிழலை மைனர் தருகிறது, கனத்தை நிதானமும் அடங்கிய குரலும் தருகின்றன. ஆனால் இது வெறும் சோகப் பாட்டுக்கான சமையல் குறிப்பு. கோபம் இன்னும் வரவில்லை.

## திரும்பத் திரும்ப: கோபத்தின் முதல் கருவி

அந்தப் பாட்டின் கிதாரை மட்டும் கவனியுங்கள். ஒரு சின்னத் துண்டு. முடிந்ததும் மறுபடி அதே துண்டு. மறுபடி. பாடகர் வருகிறார், போகிறார், பின்னால் அது நடந்துகொண்டே இருக்கிறது. இப்படி விடாமல் திரும்பி வரும் இசைத் துண்டுக்கு ஆஸ்டினாட்டோ என்று பெயர். இத்தாலிய மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பிடிவாதமான' என்று அர்த்தம். பெயர் வைத்தவர் காது உள்ளவர்.

இது மனதில் என்ன செய்கிறது? பாட்டு கேட்கும்போது நம் காது எப்போதும் அடுத்ததை ஊகித்துக்கொண்டிருக்கும். ஸ்வரங்கள் எங்கே சுற்றினாலும் கடைசியில் ஆதார ஸ்ருதியில் வந்து இறங்கும் என்று எதிர்பார்க்கும். இறங்கியதும் ஒரு நிம்மதி. பெரும்பாலான பாட்டுகள் இந்த நிம்மதியைத் தாராளமாகக் கொடுக்கும். பல்லவியில் எல்லாம் விரியும், மனசு லேசாகும்.

பிடிவாதத் துண்டு வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மறுபடி கிளம்பிவிடுகிறது. தீர்வு வருகிற மாதிரி வந்து தள்ளிப்போகிறது. ஒரு முறை தள்ளிப்போனால் ஏக்கம். இருபது முறை தள்ளிப்போனால் அந்த ஏக்கம் இறுகிவிடும். நீதிமன்றத்தில் வாய்தாவுக்கு மேல் வாய்தா வாங்கியவர் முகத்தைப் பார்த்தால் தெரியும், அதில் துக்கம் எது, ஆத்திரம் எது என்று பிரிக்க முடியாது.

பாட்டின் சொற்கள் என்ன சொல்கின்றன? வழியைக் கண்டு பயமில்லை என்று ஆரம்பித்து, தொட்ட தொடுகைகள், செத்துப்போன வருடங்களின் வாசனை, ஏறிவரும் கடல் என்று போய், எல்லாம் மறைந்துபோகும், ஆனாலும் காற்று நம்மைக் கொண்டுபோகும் என்கிறது. அரசாங்கம், கட்சி, முதலாளி என்று ஒரு சொல்கூட இல்லை. நண்பர் தாலாட்டு என்றது தப்பில்லை. தூங்க வைக்கும் தாலாட்டும் ஆஸ்டினாட்டோதானே! ஆனால் இந்தப் பாட்டை அதற்கு முன்னால் வரும் பாட்டோடு சேர்த்துக் கேட்க வேண்டும். முந்தைய பாட்டின் பெயர் 'பெருந்தீ'. எங்கும் நெருப்பு, பாரிஸ் சரிகிறது, நியூயார்க்கின் பெயர் வருகிறது. அந்தத் தீ எரிந்து முடிந்த இடத்தில் காற்று வீச ஆரம்பிக்கிறது. அப்போது 'கொண்டுபோகும்' என்ற சொல்லில் சாம்பலும் இருக்கிறது.

ஆல்பம் கடைக்கு வந்த நாள் 2001 செப்டம்பர் 11. எழுதியவர்களும் பாடியவர்களும் அதை அறிந்திருக்க வழியே இல்லை, வெறும் தற்செயல். ஆனால் அன்று மாலை அதை வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டாவது பாட்டைக் கேட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

## சத்தத்தை எண்ணிச் செலவு செய்தல்

இரண்டாவது கருவியின் பெயர் டைனமிக்ஸ். மெல்லிய ஓசைக்கும் பலத்த ஓசைக்கும் உள்ள தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பலத்த ஓசை என்பது சம்பளப் பணம் மாதிரி. முதல் தேதியே செலவழித்துவிட்டால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் இருக்காது. ஆரம்பம் முதல் கத்திக்கொண்டே இருக்கும் ஆல்பத்தில் பத்தாவது நிமிடம் காது பழகிவிடும். அதற்குப் பிறகு கத்தல் வெறும் பின்னணி.

இதே குழு சத்தத்தை அள்ளி இறைத்த காலமும் உண்டு. 1992இல் வந்த 'தோஸ்தாகி' ஆல்பத்தைக் கேளுங்கள். எல்லாம் இங்கே இருக்கிறது என்று பொருள்படும் ஸ்பானிய வாக்கியத்தைச் சுருக்கி உண்டாக்கிய தலைப்பு. கிதார்கள் சுவரை இடிக்கின்றன. 1996இல் வந்த அடுத்த ஆல்பமும் உக்கிரமானதுதான். இளமையில் அதெல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது, இப்போதும் பிடிக்கும். ஆனால் 2001க்கு வரும்போது அவர்கள் வேறு ஒன்றைக் கற்றிருந்தார்கள். சத்தத்தை வைத்துக்கொண்டே கொடுக்காமல் இருப்பது. பாரிஸில் வாழ்ந்த ஹங்கேரியக் கலைஞர் ஆகோஷ் செலவெனியின் சாக்ஸபோனும் கிளாரினெட்டும் சில இடங்களில் கிதாரின் வேலையை எடுத்துக்கொள்கின்றன. மூச்சில் ஊதும் வாத்தியம் என்பதால் அது பக்கத்தில் யாரோ முனகுவது போலக் கேட்கிறது. 'லாஸ்ட்' மாதிரியான ஒரு சில பாட்டில்தான் பழைய உக்கிரம் திறந்துகொள்கிறது. அரைமணிநேரம் அடக்கி வைத்த பிறகு திறப்பதால் அது அடிக்கிற அடி வேறு.

கேட்கும்போது ஒரு பரிசோதனை செய்து பாருங்கள். மெதுவான பாட்டில் ஒலியைக் கூட்டாதீர்கள். கூட்டினால் அடுத்த உக்கிரமான பாட்டு எரிச்சலாகத்தான் இருக்கும். முதல் பாட்டில் எங்கே வைத்தீர்களோ அங்கேயே விட்டுவிடுங்கள். சில வரிகளுக்குக் காதைக் கொண்டுபோய் வைக்க வேண்டியிருக்கும். அப்படிக் கொண்டுபோகிறீர்கள் அல்லவா, அந்த முயற்சியைத்தான் அவர்கள் கேட்கிறார்கள்.

ஆக, தீர்வைத் தள்ளிப்போடும் பிடிவாதத் துண்டு, எண்ணிச் செலவு செய்யும் சத்தம். கோபத்தை மெல்லிய பாட்டுக்குள் அடைத்து வைக்கும் இசைக் கருவிகள் இவை இரண்டும். மூன்றாவது கருவி இசையில் இல்லை, மொழியில் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

## சொல்லுக்குள் வைத்த ஊசி

பிரெஞ்சில் ராக் பாடுவது கஷ்டம் என்று பிரெஞ்சுக்காரர்களே வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒவ்வொரு பெரிய சொல்லிலும் ஓர் அசை ஓங்கி ஒலிக்கும், மற்றவை தணியும். அந்த ஓங்கல் டிரம்ஸ் அடியோடு சேர்ந்து விழும்போது ராக் பிறக்கிறது. பிரெஞ்சில் அசைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் ஓடும். அழுத்தம் சொற்றொடரின் கடைசி அசையில் மட்டும் லேசாக விழும். தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது எளிது, நம் மொழியிலும் ஆங்கிலம் மாதிரி குத்து இல்லை. குறில், நெடில் என்ற அளவில்தான் நம் தாளம் இருக்கிறது.

குத்து இல்லாத மொழியை என்ன செய்வது? நுவார் தெசீர் தேர்ந்தெடுத்த வழி பேச்சு. சீரான அசைகளை மந்திரம் போல அடுக்கிக்கொண்டே போவது. இதற்குப் பின்னால் அவர்கள் நாட்டின் ஷான்சோன் மரபு இருக்கிறது. ஷான்சோன் என்றால் சாதாரண அர்த்தம் 'பாட்டு'. ஆனால் மரபுப் பெயராகச் சொல்லும்போது, சொல்லுக்காகவே இசை இருக்கும் பாட்டு என்று அர்த்தம். மெட்டு சுமாராக இருந்தாலும் மன்னிப்பார்கள், வரி சுமாராக இருந்தால் மன்னிக்க மாட்டார்கள். அந்த மரபின் பெரிய அராஜகவாதக் கவிஞர், அதாவது அரசு என்ற அமைப்பையே ஏற்காத கவிஞர், லேயோ ஃபெரே. 1993இல் இறந்தார். அவர் எழுதிய 'ஆயுதங்கள்' என்ற கவிதைக்கு இந்த ஆல்பத்தில் மெட்டுப் போட்டிருக்கிறார்கள். ஆயுதங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டே வரும் கவிதை அது. புல்லுக்கடியில், வானத்தில், அப்புறம் எழுத்தில் என்று போகும்போது, எந்த ஆயுதத்தைச் சொல்கிறார் என்று கேட்பவருக்கு உறைக்கிறது.

எழுத்தே ஆயுதம் என்று எல்லா ஊரிலும் மேடையில் பேசுகிறார்கள். செய்து காட்டியிருப்பதைப் பார்க்க வேண்டுமானால் தலைப்புப் பாட்டுக்கு வாருங்கள். 'தே விஸாஜ் தே ஃபிகியூர்'. விஸாஜ், ஃபிகியூர் இரண்டுக்குமே முகம் என்று அர்த்தம். இரண்டாவதற்கு 'உரு' என்றும் பொருள் உண்டு. 'முகங்கள் உருவங்கள்' என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த அடியில் இரண்டு சொல்லுக்கும் முன்னால் 'தே' என்ற ஒரே முன்னொட்டு ஒட்டிக்கொள்கிறது. தேவிஸாஜ், தேஃபிகியூர். இப்போது அவை வினைச்சொற்கள். முதலாவதற்கு உற்றுப் பார்த்து முறைப்பது என்று அர்த்தம். இரண்டாவதற்கு உருக்குலைப்பது. காதுக்குக் கேட்பது கிட்டத்தட்ட ஒரே ஓசை. ஆனால் முகங்களாக இருந்தவை ஒரு மூச்சுக்குள் முறைக்கின்றன, சிதைக்கின்றன.

அதோடு விடவில்லை. அதே வேரிலிருந்து அடுத்த சொல், ஃபிகியூரான். சினிமாவில் கூட்டத்தில் நிற்க வைக்கிறார்களே, அந்தத் துணை நடிகர்கள். அவர்களை அழித்துவிடலாம் என்று வருகிறது. உடனே 'ஃபாஸ் ஆ, ஃபாஸ் பே'. இசைத்தட்டின் ஏ பக்கம், பி பக்கம். ஃபாஸ் என்ற சொல்லுக்கும் முகம் என்று அர்த்தம் உண்டு. ஹிட் பாட்டு ஏ பக்கத்தில், மற்றது பின்புறத்தில். நான்கே அடிக்குள் மனிதர்களின் முகம் கூட்டத்து ஆளாகி, அழிக்கத்தக்கதாகி, விற்பனைச் சரக்கின் முன்பக்கம் பின்பக்கமாகிவிட்டது. இதைப் பாடும் குரலில் ஆவேசமே இல்லை. துக்க வீட்டில் யாரோ பெயர்களை வாசிப்பது போல இருக்கிறது.

இதைத் தமிழில் கொண்டுவர உட்கார்ந்து பார்த்தேன். உரு, உருக்குலை என்று ஒரு ஜோடி கிடைத்தபோது சந்தோஷப்பட்டேன். முகத்துக்கு அப்படி ஒன்று கிடைக்கவில்லை.

சிலேடை இவர்களுக்குப் பழைய பழக்கம். 1989இல் அவர்களை நாடெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்த பாட்டின் தலைப்பில் 'லாமேர்' என்று ஒரு சொல் வரும். காதால் கேட்டால் 'கடல்'. எழுத்தில் பார்த்தால் 'கசப்பு'. கசப்பின் இருண்ட நாயகர்களைப் பற்றிய பாட்டைப் பலர் மாலுமிகள் பாட்டு என்று நினைத்து ரசித்தார்கள். இந்த ஆல்பத்தில் ஒரு பாட்டின் பெயர் 'நரம்புப் பூங்கொத்து'. படபடப்பானவரை 'நரம்புப் பொட்டலம்' என்பது பிரெஞ்சு வழக்கு. பொட்டலத்தை எடுத்துவிட்டுப் பூங்கொத்தை வைத்திருக்கிறார்கள். பதற்றத்தையே கையில் கொடுத்துவிட்டுப் போகிற மாதிரி.

கோபத்துக்கு வருவோம். 'ஆ லான்வேர் ஆ லாந்த்ருவா' என்ற பாட்டு. துணிக்கு வெளிப்பக்கம், உள்பக்கம் இருக்கிறதே, அதைச் சொல்லும் சொற்கள். சட்டையை மாற்றிப் போட்டுக்கொண்டது போன்ற உலகம். அதில் ஓரிடத்தில் ஒரு கேள்வி வருகிறது: இன்றிரவு அரைவட்ட மண்டபத்தில் தீ ஏதும் ஏற்பாடாகியிருக்கிறதா? பிரான்ஸில் அரைவட்ட மண்டபம் என்றால் எல்லோருக்கும் தெரியும், நாடாளுமன்றம். 'நாடாளுமன்றத்தைக் கொளுத்துவோம்' என்று கத்துவது சுலபம், யாரும் கத்தலாம். இங்கே நடப்பது, தியேட்டர் கவுண்டரில் 'இன்றைக்கு ராத்திரிக் காட்சி உண்டுங்களா?' என்று மரியாதையாகக் கேட்பது. பிரெஞ்சில் அந்த மண்டபத்துக்குப் பெயர் 'எமிசீக்ல்'. அடுத்த அடி 'சீக்ல்' என்று முடிகிறது, சுழற்சி. வேறொரு சுழற்சியை யோசிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது போலிருக்கிறதே என்கிறது. அரைச்சுற்றை முழுச்சுற்றாக்கிவிட்டார்கள். புரட்சி என்ற சொல்லே வராமல்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: குத்து இல்லாத மொழியை அவர்கள் மந்திரம் போல ஓடவிட்டு, அந்தச் சீரான ஓட்டத்துக்குள் இரட்டை அர்த்தங்களை வைத்தார்கள். ஓசை அமைதியாக இருக்கிறது, அர்த்தம் குத்துகிறது.

## யார் மேல் இந்தக் கோபம்

1995இல் தூலோன், ஒரான்ஜ், மாரின்யான் ஆகிய தென்பகுதி ஊர்களின் நகராட்சிகளைத் தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய முன்னணி பிடித்தது. அடுத்த வருடம் வந்த நுவார் தெசீரின் ஆல்பத்தில் அந்தக் கட்சியின் பெயரைச் சுருக்கி நேரடியாகவே பாடினார்கள். குடியேறிகளின் உரிமைக்காக வேலை செய்யும் அமைப்புகளுக்குத் துணை நின்றார்கள். 2001இல் குறி இன்னும் விரிகிறது. கட்சிகளைத் தாண்டி, எல்லாவற்றையும் சந்தையாக்கும் போக்கின் மேல்.

கடைசிப் பாட்டு 'ஐரோப்பா'. 23 நிமிடத்துக்கும் மேல் ஓடுகிறது. காந்தாவும் மூத்த பாடகி பிரிஜித் ஃபோந்தேனும் மாறி மாறிப் பேசுகிறார்கள், பாடுவது குறைவு. யூரோ நாணயமும் நோட்டும் மக்கள் கைக்கு வந்தது 2002 ஜனவரி 1. அதற்குச் சில மாதம் முன்பு இந்தப் பாட்டு. தற்சமயம் நாங்கள் ஐரோப்பாவுக்காக, ஏன், உலகத்துக்காகவே வேலை செய்துகொண்டிருக்கிறோம் என்ற ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது. தோண்டிப் போட்ட சாலையோரம் பலகை வைத்திருப்பார்களே, 'பணி நடைபெறுகிறது, சிரமத்துக்கு வருந்துகிறோம்', அந்தக் குரல். முதல் முறை சாதாரண அறிவிப்பு. திரும்பத் திரும்பக் கேட்கும்போது வேறு மாதிரி ஆகிவிடுகிறது. மேலே சொன்ன பிடிவாதத் துண்டை இங்கே சொல்லிலேயே செய்திருக்கிறார்கள்.

ஒரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். சந்தையைத் திட்டும் இந்த ஆல்பத்தை வெளியிட்ட பார்க்லே நிறுவனம் யுனிவர்சல் குடும்பத்தைச் சேர்ந்தது. அப்போது அதற்கு உரிமையாளர் விவாந்தி யுனிவர்சல், தலைவர் ழான்-மாரி மெஸ்ஸியே. படங்களையும் இசையையும் மற்றச் சரக்குகளைப் போல வணிக ஒப்பந்தத்தில் சேர்க்கக் கூடாது என்பது பிரான்ஸின் கொள்கை, கலாச்சார விதிவிலக்கு என்பார்கள். அது செத்துவிட்டது என்று 2001 டிசம்பரில் மெஸ்ஸியே சொன்னார். 2002 மார்ச்சில் இந்த ஆல்பத்துக்கு ஆண்டின் சிறந்த ராக் ஆல்பம் விருது கிடைத்தது. தொலைக்காட்சியில் நாடே பார்த்துக்கொண்டிருக்க, காந்தா மேடையில் மெஸ்ஸியேவுக்கு ஒரு கடிதத்தை வாசித்தார். நாம் இருப்பது ஒரே கோளில்தான், ஆனால் ஒரே உலகத்தில் இல்லை என்ற பொருளில் முடித்தார். அதிலும் குரல் உயரவில்லை.

நிறுவனத்தின் காசில் பாடிவிட்டு நிறுவனத்தைத் திட்டுவது நேர்மையா என்று அப்போதே கேட்டார்கள். என் கருத்தில், வாயை மூடிக்கொண்டிருப்பதைவிட நேர்மைதான்.

## மாரி த்ரேன்தின்யான்

2003 ஜூலை 27 அதிகாலை. லிதுவேனியாவின் வில்னியஸ் நகரம். படப்பிடிப்புக்காக அங்கே தங்கியிருந்த நடிகை மாரி த்ரேன்தின்யானை, அவரோடு உறவிலிருந்த காந்தா அடித்தார். நினைவு திரும்பாமலே ஆகஸ்ட் 1 அன்று மாரி இறந்தார். வயது 41. 2004 மார்ச்சில் வில்னியஸ் நீதிமன்றம் காந்தாவுக்கு 8 வருடச் சிறைத் தண்டனை விதித்தது. 2007 அக்டோபரில் நிபந்தனையோடு வெளியே வந்தார்.

காதல் வெறியில் நடந்துவிட்ட விபரீதம் என்ற தொனியில் அன்றைய பிரெஞ்சு ஊடகங்கள் பலவும் எழுதின. பெண் கொல்லப்பட்டாள், எழுதியது பாடகனின் துயரக் கதையை. அதற்கு எதிரான குரல்கள் பலம் பெறப் பல வருடம் ஆயிற்று.

இந்த ஆல்பத்தை விளக்கும் இடத்தில் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அநியாயத்தின் மேல் கோபப்படும் குரலைக் கேட்டதும் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரரும் நியாயமானவர் என்று நம்பிவிடுகிறோம். அரசியல் பாட்டைப் பற்றிய பெரிய தவறான புரிதல் இதுதான். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். கலையைத் தனியாக, ஆளைத் தனியாக வைக்க வேண்டும் என்கிறார்கள். குரல் என்பது ஒருவருடைய உடம்பிலிருந்து வருவது, அதை எப்படித் தனியாக வைப்பது? அந்தக் குரலையே கேட்க முடியாது என்று நிறுத்திவிட்டவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் செய்ததில் எந்தக் குறையும் இல்லை. நான் நிறுத்தவில்லை. பல வருடம் தொடாமல் இருந்துவிட்டு மறுபடி கேட்டேன். முன்பு போல இல்லை. 'உருக்குலைப்பது' என்ற சொல் வரும்போது வேறொரு முகம் நினைவுக்கு வருகிறது, வரத்தான் வேண்டும். மாரியின் பெயரைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அன்றைக்கு நண்பரிடமும் பாட்டுக்கு முன்னால் அதைச் சொல்லித்தான் போட்டேன்.

## கேட்க நினைப்பவர்களுக்கு

முதல் தடவை சொற்களைத் தேடாதீர்கள். 'பெருந்தீ'யையும் அடுத்து வரும் 'காற்று'ப் பாட்டையும் இடைவெளி விடாமல் கேளுங்கள். கிதார் துண்டை மட்டும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே வாருங்கள். எந்த எண்ணிக்கையில் அது உங்களுக்குத் தாலாட்டாக இல்லாமல் போகிறது என்று பாருங்கள். எனக்கு ஒவ்வொரு முறையும் அது வேறு இடத்தில் நடக்கிறது.

இரண்டாவது தடவை தலைப்புப் பாட்டின் வரிகளை எழுத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அர்த்தம் தெரியாவிட்டாலும் விஸாஜ், தேவிஸாஜ், ஃபிகியூர், தேஃபிகியூர் என்று ஒட்டிக்கொண்டு வரும் ஓசையைப் பிடித்துவிடலாம். பிரெஞ்சு தெரிந்தவர் யாராவது பக்கத்தில் இருந்தால் நாடாளுமன்றக் கேள்வி வரும் பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'ஐரோப்பா'வைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு நடுவில் கேட்க முடியாது. நண்பர் அதை இரண்டு வாரம் கழித்துத் தானாகவே கேட்டிருக்கிறார். ராத்திரி பத்தரைக்குப் போன் வந்தது. "அந்தப் பொம்பள ஒரே வாக்கியத்த எத்தன தடவ சொல்லுது? ஏதோ ஆபீஸ் அறிவிப்பு மாதிரி... எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனா கேக்கக் கேக்க உள்ளுக்குள்ள என்னமோ பண்ணுது. என்ன சொல்லுது அதுல?" என்றார். நான் சொல்ல ஆரம்பித்தேன்.